கித்தேரியைக் கட்டில் விடவில்லை

சிப்பித்துறை மாதாகோயில் தெருவில் பிறந்த பிள்ளைகளை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள், படுக்கையில் இருந்து சும்மா எழுந்தவர்கள் ஒரு வகை, சொல்லிவிட்டு எழுந்தவர்கள் இன்னொரு வகை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தவக்காலமும் ஒரு ஈஸ்டரும் ஒரு கப்பல்காரரின் வாயும் கிடக்கின்றன, மற்றபடி உப்புக்காற்று அதே உப்புக்காற்று, கருவாட்டு வாசம் அதே கருவாட்டு வாசம், விடிந்தும் விடியாமலும் தெருக்குழாயில் வருகிற தண்ணீருக்கும் அதே துரு நிறம்தான்.

கப்பல்காரர் பெயர் பெர்க்மான்ஸ். ஈஸ்டர் கழிந்து லீவில் வந்தவர், சூசையின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஜப்பான்காரன் ஊரில் ஒரு துறைமுகத்தில் சரக்கு இறக்க முடியாமல் கப்பல் நின்றுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஊறுகாய் விற்கிற ஒரு பொம்பளை, கையையும் காலையும் ஆட்டி ஆட்டி அவருக்கு ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தாளாம்.

"இகிகாய். மனுசன் காலையில எதுக்கு எந்திரிக்கானோ அதுக்கு அங்கன அப்படித்தான் பேரு. ஒவ்வொருத்தனுக்கும் ஒண்ணு இருக்குமாம்."

"என்ன காய்யா அது, கூட்டு வைக்கலாமா?" என்றார் சூசை.

"கேளும் ஓய். பெருசா இருக்கணும்னு இல்ல. அந்தப் பொம்பளைக்கு, முள்ளங்கியில உப்பு ஏறிட்டான்னு மூடியத் தெறந்து பாக்கணும். அதுக்குத்தான் எந்திரிக்காளாம்."

"நமக்கு மூத்திரம் முட்டுது, எந்திரிக்கோம். இதுக்குப் போயி ஒரு பேரா?"

பெஞ்சே சிரித்தது. அந்தச் சிரிப்பையும், சூசையின் இழுவையையும், வாக்கியத்துக்கு வாக்கியம் பெர்க்மான்ஸ் மூக்கை உறிஞ்சிய சத்தத்தையும் ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டு போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் தெரு முழுக்க நடித்துக் காட்டிவிட்டாள் வினோலியா.

வினோலியா என்பவள் பிளஸ் டூ எழுதி முடித்து வீட்டில் இருந்த பிள்ளை, கித்தேரியின் ஒரே மகள், அவள் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. ஏலக்காரரின் குரலில் மீனை விலை ஏற்றுவாள், ரேஷன் கடைக்காரரின் குரலில் சீனி வரவில்லை என்பாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியாரின் குரலில் கோயில் மைக்கில் இன்றைக்குப் பிரசங்கம் கிடையாது என்று சொல்ல, சனங்கள் நிறைந்த மனதோடு கலைந்துபோனார்கள், சாமியாரும் அன்றைக்கு நன்றாகத் தூங்கியதாகப் பேச்சு. காலை பஸ்ஸின் கண்டக்டர் சொல்லுகிற 'ரைட், போலாம்' என்பதை அவர் மனைவியே ஏமாந்துபோகிற அளவுக்குப் பழகி வைத்திருந்தாள், ஆனால் அதை பஸ்ஸில் வைத்து இன்னும் முயன்று பார்க்கவில்லை, நல்ல பட்டுச்சேலையை விசேஷத்துக்கென்று எடுத்து வைப்பதுபோல ஒரு நாளுக்காக அதை எடுத்து வைத்திருந்தாள்.

அவள் நாக்கில் ஏற்றாத வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். புருசனை மஞ்சக்காமாலைக்குக் கொடுத்துவிட்டு இறால் கம்பெனியில் நின்றுகொண்டே இறால் உரித்து மகளை வளர்த்த கித்தேரி, சோறு போடும்போது சொல்லுவாள், தலை பின்னும்போது சொல்லுவாள், காய்ச்சலில் படுத்தாலும் சொல்லுவாள், "ஒனக்காகத்தாம்ட்டி நான் உசுரோட கெடக்கேன்." அதை மட்டும் வினோலியா பேசிப் பார்த்ததில்லை, வாய்க்குள் வைத்தாலே கனத்தது. திருச்சியில் வானொலியும் ஒலிப்பதிவும் சொல்லித்தருகிற கல்லூரி ஒன்று அவளை வரச்சொல்லியிருந்தது, அதையும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. தனக்காகவே உயிரோடு கிடக்கிற ஒருத்தியை விட்டுவிட்டு எந்த பஸ்ஸில் ஏறுவது?

பெர்க்மான்ஸ் கதை சொன்னதற்கு மறுநாள் கோயில் மணி அடிக்கவில்லை. கோயில்பிள்ளை அருளப்பன் தன் பாயில் மல்லாந்து கிடந்தார், தலை ஆடியது, கை ஆடியது, முதுகு மட்டும் வரவில்லை, பாயும் முதுகும் ஒரே பிறவிபோல ஒட்டிக்கிடந்தன. அந்த வீட்டில் அப்படி என்றால் அடுத்த வீட்டிலும் அப்படி, நாடாக்கட்டில்காரனை நாடா பிடித்திருந்தது, மெத்தைக்காரனை மெத்தை பிடித்திருந்தது, ஒன்றுமில்லாமல் வெறும் தரையில் படுத்தவனைத் தரை பிடித்திருந்தது, தெரு முழுக்க சன்னல் வழியாக ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டார்கள், "அண்ணாச்சி, ஒங்களுக்கும் அப்படித்தானா?" "அப்படித்தாம்பா, முட்டிக்கிட்டு வேற வருது." முட்டிக்கொண்டு வருவதைக் கட்டில்கள் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது பல வீடுகளில் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் எழுந்தவர் சூசை. கடை திறக்கவேண்டும் என்றார், விடவில்லை. ஊருக்கே டீ ஊற்றவேண்டும் என்றார், விடவில்லை. கடைசியில் யாரிடமும் சொல்லாததை வாய்க்குள் முனகினார், "ஒரு பயலும் வாரதுக்கு முந்தி, மொதப் பாலுல, ஏலக்காய் தட்டிப்போட்டு, நானே ஒரு கிளாசு குடிக்கணும்." கட்டில் அவரைப் பூப்போல இறக்கிவிட்டது. அவர் தெருவில் நடந்துகொண்டே சன்னல் சன்னலாகச் சொன்னார், "உண்மையச் சொல்லுங்கய்யா, விட்டுரும்."

அப்புறம் தெரு சொல்ல ஆரம்பித்தது. கோயில்பிள்ளை ஆண்டவரைச் சொல்லிப் பார்த்து, மாதாவைச் சொல்லிப் பார்த்து, கடைசியில், மணி அடிக்கும்போது கயிறு தன்னை ஒரு சாண் மேலே தூக்குமே, அந்தத் தூக்கலுக்காக எழுகிறேன் என்று ஒப்புக்கொண்டு எழுந்தார். கவுன்சிலர் மக்கள் சேவை மக்கள் சேவை என்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, அயர்ன் மடிப்பு உடையாமல் வெள்ளைச் சட்டைக்குள் கையை நுழைக்கிற சுகத்துக்காக எழுந்தார். ரிட்டயர்டு சாமுவேல் வாத்தியார் பேப்பரில் பிழை கண்டுபிடித்து சிவப்பு மையில் வட்டம் போடுவதற்காக எழுந்தார். பெர்க்மான்ஸ் ஆடாத தரையில் நின்று பல் தேய்ப்பதற்காக எழுந்தார். சாமியார் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது, ஆனால் அன்றையிலிருந்து அவர் பூசைக்கு முன்னால் தன் பங்களாவுக்குப் பின்னால் இருக்கிற கொய்யா மரத்தடியில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பதைக் கண்டவர்கள் உண்டு.

வினோலியா தன் கட்டிலில் கிடந்து முதலில் கவுன்சிலர் குரலில் மக்கள் சேவை என்றாள், பிறகு வாத்தியார் குரலில் மாணவ சமுதாயம் என்றாள், கட்டில் ரசிக்கவில்லை. அதற்குள் தெருவில் ஒவ்வொருத்தராக வாயைத் திறக்கும் சத்தம் கேட்க, அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை, "ஐயோ, யாரு யாரு என்னென்ன சொல்லுதாங்கன்னு கேக்கணுமே" என்று அவளை அறியாமல் வந்துவிட்டது, அடுத்த நொடி வாசலில் நின்றாள்.

எந்த அதிசயம் வந்தாலும் அதற்கு ஒரு மொறை வைத்துவிடுவது சிப்பித்துறை வழக்கம். தினமும் விடியலில் சொல்லிவிட்டு எழுவது ஞாயிற்றுக்கிழமைக்குள் பழகிப்போனது. இறால் கம்பெனியில் கட்டில் லீவு என்று அரை நாள் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனுக்கு என்ன சம்பளம் என்று கேட்ட கையோடு "என்ன சொல்லி எந்திரிக்கான்?" என்றும் கேட்டார்கள். புருசன்மார் சிலர் பக்கத்தில் படுத்திருந்த பெண்டாட்டியின் முகத்துக்காக எழுகிறேன் என்று சொல்லி, கட்டில் விடாமல், பிறகு பழைய கஞ்சியும் நேற்றைய மீன்குழம்பும் என்று சொல்லி விடுபட்டார்கள், அந்த வீடுகளில் கொஞ்ச நாள் மீன்குழம்பு வைக்கவில்லை. அப்புறம் பெண்டாட்டிமார் சொன்னதும் வெளியே வந்தபோது இரண்டு பக்கமும் சரியாகிப்போய், குழம்பு மறுபடி கொதித்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் எல்லாரும் மாட்டினார்கள். தாய்தகப்பன்மார் ஒருத்தர் விடாமல் முதலில் சொன்னது பிள்ளைகளைத்தான். "எம் பிள்ளைகளுக்காக எந்திரிக்கேன்." கட்டில்கள் அசையவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் காலால் தரையைக் கீறிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன. பெற்றவர்களுக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது, பாசம் பொய்யில்லை, பிள்ளைக்கு ஒன்று என்றால் கடலில் குதிப்பார்கள், ஆனால் கட்டில் கேட்டது கடலில் எதற்குக் குதிப்பாய் என்று அல்லவே.

மற்றவர்கள் பிறகு வேறு எதையோ முனகி இறங்கிவிட, மேலத்தெருவில் விடாப்பிடியாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்த ஒண்டிக்கட்டை ஒருவர் இருந்தார், யாரும் எட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள், பார்த்தபோது கட்டில்தான் இருந்தது, நாடா புதுசாகப் பின்னினதுபோல நெருக்கமாக, நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு மேடு. அந்தக் கட்டிலை அப்படியே தூக்கிப்போய்க் கல்லறையில் வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வினோலியா வீட்டுக்கு ஓடினாள், ஏனென்றால் அவள் அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை.

"வினோவுக்காக," என்று சொன்னாள் கித்தேரி முதல் நாள். நாடா கணுக்காலைச் சுற்றியது. "எம் மவ வினோவுக்காக," என்று இன்னும் உரக்கச் சொன்னாள் அடுத்த நாள். நாடா, வெள்ளையும் பச்சையும் மாறி மாறி, முழங்காலுக்கு ஏறி அழகாகப் பின்னிக்கொண்டது. வினோலியா கத்தரிக்கோலால் வெட்டினாள், வெட்டிய இடத்தில் நாடா இரண்டாக முளைத்தது. படுத்த இடத்திலேயே கஞ்சி ஊட்டினாள், துடைத்துவிட்டாள், தலையும் பின்னிவிட்டாள். அம்மா ஒவ்வொரு தடவை 'வினோவுக்காக' என்று சொல்லிவிட்டு நாடாவைப் பார்ப்பதும், நாடா விடாததும், பிறகு அம்மா தன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பதுமாக வீடு இறுகிப்போனது. நாடா நெஞ்சுக்கு வந்துவிட்டது.

அன்பியத்துக்காரர்கள் வந்தார்கள். தெருவில் நாலு வீடு கூடி நோய் நொடி உள்ள வீட்டில் செபம் சொல்லுகிற கூட்டம் அது, இப்போது கட்டில் விடாத வீட்டுக்கும் வந்து செபமாலை சொன்னது, சொன்ன பிறகு கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு காரணம் எடுத்துக்கொடுத்தது.

"கித்தேரியக்கா, மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தணும்னு சொல்லிப் பாருங்க."

"ஒங்க வீட்டுக்காரரு கல்லறைக்குப் பூ வைக்கணும்னு சொல்லிப் பாருங்கக்கா."

கித்தேரி எல்லாவற்றையும் சொன்னாள், நாலு பேர் காது கூர்மையாகக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு விதவை வேறு எதைச் சொல்லமுடியும். நாடா ஒரு விரல் ஏறியது. கூட்டம் பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனது. அடுத்த வீட்டிலும் அதே கதைதான். நடுவில் ஒரே சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பிரகாசி தன் பூப்போட்ட மெத்தையில் மாட்டிக் கிடந்தாள், மஸ்கட்டில் இருக்கிற மகனுக்காக, மகனுக்காக என்று சொல்லிச் சொல்லி, மெத்தைத் துணி கழுத்துவரை வந்து, கிழங்கு மூடிய மண்போல ஆகியிருந்தாள்.

இந்தக் கித்தேரியையும் பிரகாசியையும் பற்றி ஒன்று சொல்லவேண்டும், அது தெருவுக்கே தெரிந்ததால் யாரும் யோசித்துப் பார்க்காத ஒன்று. இரண்டு வாசலுக்கும் சரி நடுவில் தெருக்குழாய். யார் குடம் முதலில் என்பதில், இருவரும் கல்யாணமாகி வந்த காலம் தொட்டு, தண்ணீர் வந்த ஒவ்வொரு விடியலிலும் சண்டை, மழைக்கும் சண்டை, பெருநாளுக்கும் சண்டை, வெளியூர்ச் சாவுக்குப் போனால் மட்டும் விடுமுறை. வினோலியா தொட்டிலில் கிடந்து கேட்ட முதல் பாட்டு அதுதான், அவள் முதலில் பேசிய குரல் அம்மா குரல் இல்லை, பிரகாசி மாமியின் குரல். கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டே காதைத் தீட்டுவார்கள், நேற்று சொன்ன வசவை இன்று சொல்லமாட்டார்கள், ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டு வருவார்கள்போல.

பெர்க்மான்ஸ் வருவதற்கு முந்தி, ஈஸ்டருக்கு முன்னால் வருகிற அந்தத் தவக்காலத் தியானத்தில்தான் வெளியூரில் இருந்து வந்த பிரசங்கியார், பகையோடு இருப்பவர்கள் முன்னால் வாருங்கள் என்றார். தெருவே திரும்பி இரண்டு பேரையும் பார்த்தது. போனார்கள். கோயில் நடுவில் கட்டிப்பிடித்தார்கள். கை தட்டினார்கள், சிலர் அழுதார்கள், அன்பியத்தில் ஒரு மொறையும் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு நாள் கித்தேரி குடம் முதலில், மறுநாள் பிரகாசி குடம். அன்றையிலிருந்து குழாயடியில் "நீங்க பிடிங்க மைனி", "இல்ல மைனி, நீங்க பிடிங்க" என்பதைத் தவிரச் சத்தம் கிடையாது. தெரு நிம்மதியாகத் தூங்கியது. இரண்டு பேரும் கொஞ்சம் மெலிந்தார்கள், தவக்காலத்தில் எல்லாரும் மெலிவதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

அன்பியம் கலைந்துபோன அந்தக் காலையில், நாடா கழுத்தெலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கித்தேரி மகளைப் பார்க்காமல் சொன்னாள், "பீரோவுல கம்மல் இருக்கு. எடுத்து வச்சுக்க."

"நீ எந்திரிச்சு எடுத்துக் குடு."

"எந்திரிக்க முடிஞ்சா எந்திரிக்க மாட்டனா. ஒனக்காகன்னுதான சொல்லுதேன், இந்தக் கட்டிலுக்கு என்ன கேடோ, நம்ப மாட்டங்கு."

வினோலியாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அழுகை வரும்போது அவள் பேசுவாள், தன் குரலில் பேசினால் உடைந்துவிடும் என்பதால் வேறு குரலில் பேசுவாள். அம்மாவைச் சிரிக்க வைக்க ஏலக்காரராக வந்து, "கட்டில் ஒண்ணு, அதுல கித்தேரி ஒண்ணு, ரெண்டும் சேத்து ஆயிரம், ஆயிரத்து நூறு" என்று கூவினாள், சாமியாராக வந்து இருமினாள், பெர்க்மான்ஸாக மூக்கை உறிஞ்சினாள். கித்தேரியின் உதடு கூட அசையவில்லை. எல்லாக் குரலும் தீர்ந்து, அடியில் கிடந்த முதல் குரல் வெளியே வந்தது, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பிரகாசியின் அந்தக் கிழிந்த நாதஸ்வரத் தொண்டையில்,

"ஏட்டி கித்தேரி, ஒங்க அப்பன் கடலுக்குள்ள குழாய் பதிச்சுக் கொண்டாந்து வச்சானாட்டி, முந்திக்கிட்டுக் குடத்த வைக்க?"

"எங்க அப்பன் பதிச்சான்ட்டி, ஒங்க அப்பன் அதுல ஓட்ட போட்டான்," என்றாள் கித்தேரி, யோசிக்கவே இல்லை, "அவிஞ்ச சாளை மாதிரி முழிச்சிக்கிட்டு வந்துட்டா, திருக்கை வாலு நாக்குக்காரி."

கழுத்தில் இருந்த நாடா டப்பென்று அறுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். கித்தேரியின் கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது, கண் மீன்போலத் துள்ளியது, பிறகு வெட்கம் வந்து அதை மூடியது. "சும்மா கெட பிள்ள. பாவம். கோயில்ல நற்கருணைக்கு முன்னால நின்னு கட்டிப்பிடிச்சாச்சு." அறுந்த நாடா மெல்ல மறுபடி முளைத்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது. பாவனைக் குரலுக்கு அது அவ்வளவுதான் கொடுக்கும்போல.

நாடா எதற்கு அறுந்தது என்பது வினோலியாவுக்குப் புரிந்தது. முதலில் வலித்தது. இத்தனை வருசம் சோற்றோடு பிசைந்து ஊட்டின வாக்கியம் பொய் என்று ஒரு கட்டில் சொல்லுகிறது, தான் இல்லை, குழாயடியாம், குடமாம், அந்த மாமியாம். வலித்துக்கொண்டிருக்கும்போதே வேறொன்றும் நடந்தது, பிறந்ததில் இருந்து இடுப்பில் வைத்துச் சுமந்து சுமந்து இடுப்பின் ஒரு பாகம் என்றே நினைத்திருந்த நிறைகுடத்தை யாரோ வந்து வாங்கி இறக்கி வைத்ததுபோல, அந்தப் பக்கம் லேசாகிவிட்டது. அவள் எழுந்து அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

பிரகாசியின் தாடைக்கு மெத்தை வந்துவிட்டிருந்தது. "யாரு, வினோவா," என்றாள் பூத்துணிக்குள் இருந்து, "ஒங்க அம்மா எப்படிட்டி இருக்கா?"

"கெடக்கு மாமி."

"எங்கிட்டு வரைக்கும் ஏறியிருக்கு?"

"கழுத்து."

பிரகாசி கண்ணை மூடினாள். "நல்ல பொம்பள," என்றாள், கல்லறையில் பேசுகிற குரலில்.

அந்த 'நல்ல பொம்பள' என்பதைக் கேட்டதும் வினோலியாவுக்கு ஆத்திரம் வந்தது, கித்தேரியை அப்படிச் சொல்ல இவள் யார். சுவரோரம் போய் நின்றாள், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் தலைமாடு. நின்று, பிரகாசியின் குரலை முழுசாக எடுத்து, சுவரைப் பார்த்து வீசினாள்.

"ஏ கித்தேரி, மொறையாம் மொறை, எவ போட்ட மொறை? இன்னைக்கு எங் குடந்தாம்ட்டி மொதல்ல. படுத்துக்கெடக்கவளுக்கு என்னத்துக்குத் தண்ணி, மூஞ்சியத்தான் ரெண்டு வாரமாக் கழுவலயே."

"ஏட்டி, நான் எங்க சொன்னேன்," என்று பதறினாள் மெத்தையில் கிடந்த பிரகாசி. ஆனால் சுவர் அதற்குள் பேசிவிட்டது, சுவருக்குப் பின்னால் இருந்து கித்தேரி, மகளின் வித்தை என்று தெரியாமல், தெரிந்துகொள்ள விரும்பாமலும் இருக்கலாம், தவக்காலம் முழுக்கத் தேக்கி வைத்த மடையைத் திறந்துவிட்டாள்.

"யாரட்டி மூஞ்சிங்கா? ஒம் மூஞ்சியக் கண்டுட்டுத்தான் ஒம் மவன் மஸ்கட்டுக்கு ஓடுனான், பனங்கா மண்ட. ஓட்டக் குடத்த வச்சிக்கிட்டு ஊருத் தண்ணியெல்லாம் தெருவுல விடுதவளுக்கு மொதக் குடமாம்."

பிரகாசியின் மூக்குத்துவாரம் விரிந்தது. வினோலியா அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தாள், திறந்தவள், மூடிக்கொண்டாள். பிறந்ததில் இருந்து அவள் வேண்டுமென்றே மூடியது அது ஒரு தடவைதான். வீடு ஒரு மூச்சு நேரம் அமைதியாக இருந்தது, அந்த ஒரு மூச்சில் அம்மாவின் நாடா எவ்வளவு ஏறியிருக்கும் என்று அவள் சுவரில் காதை வைத்தாள்.

"எங் குடத்தையா சொன்ன?" என்றாள் பிரகாசி, தன் சொந்தக் குரலில், மெதுவாக, அடுப்பு பற்றுகிறதுபோல. "எங் குடத்தையாட்டி ஓட்டங்க? சுண்ணாம்பு அடச்ச ஒங் குடம் ஒரு குடமா? நண்டு நடக்காப்ல நெளிஞ்சு நெளிஞ்சு வருவியே, அந்த இடுப்புல எந்தக் குடம்ட்டி நேரா நிக்கும்?"

மெத்தைத் தையல் பட்பட்டென்று விட்டது. சுவருக்கு அந்தப் பக்கமும் ஏதோ அறுகிற சத்தம். அதற்கப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று பிரிக்கமுடியாது, கெளுத்தி மீசை வந்தது, உளுத்த கட்டுமரம் வந்தது, செத்துப்போன மாமியார்கள் இரண்டு பேரும் வந்து போனார்கள், சன்னலெல்லாம் திறந்தது, சூசை பாலைப் பொங்கவிட்டுவிட்டு வாசலுக்கு வந்தார், கோயில்பிள்ளை ஓடிவந்தார், அன்பியத்துக்காரர்கள் நெஞ்சில் கைவைத்தார்கள். பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமாதானம் பண்ண நெருங்கியபோது கோயில்பிள்ளை குறுக்கே கையை நீட்டினார், "சாமி, கொய்யா மரத்தப் போயிப் பாருங்க சாமி. இதுல விழ வேண்டாம்."

பிரகாசி எதையோ கத்திச் சொல்லி மெத்தையை உதறிவிட்டுக் குடத்தைத் தேட, வினோலியா வீட்டுக்கு ஓடிவந்தபோது கித்தேரியை இடுப்பில் ஒரே ஒரு நாடா பிடித்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் அறுந்து தரையில் கிடந்தது. கடைசி நாடாவுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லியாகவேண்டும், அது கித்தேரிக்கும் தெரிந்தது, வாசலில் மகள் நிற்பதும் தெரிந்தது. வாயைத் திறந்தாள், மகளைப் பார்த்தாள், மூடினாள்.

"சொல்லும்மா."

"என்னன்னுட்டி சொல்லுவேன். பெத்த பிள்ளையக் கண்ணுக்கு முன்னால வச்சிக்கிட்டு."

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் வினோலியா. அது எவருடைய குரலும் இல்லை, கொஞ்சம் கரகரப்பாக, பழக்கமில்லாமல் இருந்தது. "குழாயில காத்து வருது, கேக்கலியா? இன்னைக்குத் தண்ணி பிந்திட்டு, இன்னும் கொஞ்சத்துல வந்துரும். மாமி வாசலத் தாண்டியாச்சு."

கித்தேரியின் தலை சன்னல் பக்கம் திரும்பியது. பித்தளைக் குடம் தரையில் உரசுகிற சத்தம்.

"அவ குடத்துக்கு முந்தி எங் குடத்த வைக்கணும்," என்றாள் கித்தேரி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லுகிறவளைப் போல. "வச்சிட்டு, அவ என்ன சொல்லுதான்னு கேக்கணும். அதுக்குத்தான் எந்திரிக்கேன். அதுக்குத்தான் இத்தன வருசமும் எந்திரிச்சேன்."

நாடா விட்டது. அவள் சேலையைக்கூடச் சரியாகச் செருகவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு, இத்தனை நாள் படுத்த கால் தள்ளாட, நண்டு நடக்காப்போல நெளிந்து நெளிந்து ஓடினாள்.

அன்றைக்குக் குழாயடியில் யார் குடம் முதலில் நின்றது என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்து இன்றுவரை பேசுகிறது. அன்பியம் ஒரு கூட்டம் போட்டு அந்த மொறையை ரத்து செய்தது. பிரசங்கியார் மறுவருசம் வந்து, பகையோடு இருப்பவர்கள் முன்னால் வாருங்கள் என்றபோது, கித்தேரியும் பிரகாசியும் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கூரையைப் பார்த்தார்கள், தெருவும் கூரையைப் பார்த்தது.

கல்லூரி விசயத்தை வினோலியா அன்றைக்குச் சாயங்காலமே சொன்னாள். கித்தேரி இறால் வாசமடிக்கிற கையால் மகளின் தாடையைப் பிடித்து, எவ்வளவோ நேரம் எதையோ தேடுவதுபோலப் பார்த்தாள், அந்தப் பழைய வாக்கியம் தொண்டைவரை வந்து நின்றது வினோலியாவுக்குத் தெரிந்தது. அது வரவில்லை. "திருச்சியில தண்ணி நல்லாருக்குமாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

கிளம்பின நாள் காலை பஸ்ஸுக்குத்தான். குழாயில் தண்ணீர் வருகிற நேரம். பிரகாசி மாமி வந்து நூறு ரூபாயைக் கைக்குள் திணித்துவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள், "நடிப்பப் பாரு, கொளத்து ஆமைக்குக் கண்ணீரு வருது," என்றாள் கித்தேரி, "ஆமாட்டி, பெத்தவ கண்ணு உப்பளம்லா, காஞ்சுதான் கெடக்கும்," என்றாள் பிரகாசி, அப்புறம் அது தன் வழியில் போனது. வினோலியா பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, தெரு முக்கில் நின்ற பஸ்ஸில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள். குழாயடி அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அம்மா கையை நீட்டி ஒரு வசவின் பாதியில் நின்றாள், திரும்பி பஸ்ஸைப் பார்த்து, "இட்லி ஆறுதுக்குள்ள தின்னு பிள்ள, சாம்பார் தூக்குல இருக்கு," என்று கத்தினாள், பிறகு விட்ட எழுத்தில் இருந்து அந்த வசவை அப்படியே தொடர்ந்தாள்.

தனக்காக மட்டுமே எழுந்திருக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்ற நினைப்பு வினோலியாவுக்கு வந்தது, வந்ததும் சிரிப்புப் பொங்கியது, இட்லித் தூக்கை மடியில் இறுக்கிக்கொண்டாள். கண்டக்டர் சூசை கடையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எடுத்து வைத்த பட்டுச்சேலையை உடுத்துகிற நாள் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையைச் செருமி, கண்டக்டரின் குரலில், அவர் பெண்டாட்டியே ஏமாறுகிற மாதிரி, "ரைட், போலாம்," என்றாள்.

பஸ் கிளம்பியது. பின்னால் டீ கிளாசோடு ஒருவர் ஓடிவந்துகொண்டிருந்தார்.